இடப்பக்கம் திரும்பாத டாங்கி

கடலூரில் நான் கணக்கு நடத்தும் பள்ளியில், ஒரு புதன்கிழமை மூன்றாவது பீரியடில், என் இடது கையிலிருந்து டஸ்டர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். கை அதுவரை போனது, விரல்கள் மூடவில்லை. முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, "டீச்சர், உங்க வாய் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். அவள் அப்படிப் பளிச்சென்று சொன்னதால்தான் அரை மணி நேரத்துக்குள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இல்லாவிட்டால் நான் அந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்.

பக்கவாதம். லேசானது என்றார்கள். வாய் நான்கு நாளில் சரியாகிவிட்டது. கால் ஒரு மாதத்தில் வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. தோள் தூக்கும், முழங்கை மடங்கும், ஆனால் விரல்களிடம் போய்ச் சேருவதற்குள் என் உத்தரவு எங்கோ தொலைந்துவிடும். அதிலும் கட்டை விரல் சுத்தமாக என் பேச்சைக் கேட்கவில்லை.

என் தம்பி சிதம்பரத்தில் இருக்கிறான். வடக்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில், அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், நல்ல பிசியோதெரபி நிலையம் ஒன்று இருந்தது. "அக்கா, நீ இங்கயே இருந்து பாத்துக்க. மாமா சனிக்கிழம சனிக்கிழம வரட்டும்" என்றான். என் கணவருக்கு நெல்லிக்குப்பத்தில் ஷிப்டு வேலை. அவரால் தினமும் என்னைக் கூட்டிக்கொண்டு அலைய முடியாது. அப்படித்தான் ஐம்பது வயதில் தம்பி வீட்டில் போய்த் தங்கினேன்.

நிலையத்தை நடத்திய டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும். கெட்டிக்காரி. ஆனால் அவள் கொடுத்த பயிற்சிகள் என்னை அழவைத்தன. கொடியில் துணி கிளிப் மாட்ட வேண்டும். கிண்ணத்திலிருந்து பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இன்னொரு கிண்ணத்தில் போட வேண்டும். நான் கணக்கு டீச்சர், எண்ணாமல் இருக்க முடியாது. இருபது பட்டாணியில் ஆறு. மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் ஏழு. மூன்றாவது வாரம் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். பட்டாணி அறை முழுக்க ஓடியது.

டாக்டர் திட்டவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மேடம், கட்டை விரலுக்கு வேல குடுக்கற மாதிரி, உங்களுக்கே புடிச்சது ஏதாவது இருக்கா? வீணை, தையல், அந்த மாதிரி?"

யோசித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. "டிவி கேம் ஆடுவேன்" என்றேன்.

"போன்லயா?"

"இல்ல. பழைய டிவி கேம். கேசட் போட்டு ஆடுறது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். "கொண்டாந்துடுங்க" என்றாள்.

அந்த டிவி கேம், மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் கணவர் பாண்டிச்சேரி கடைத்தெருவில் வாங்கி வந்தது. மகள் ஒரு வாரம் ஆடினாள். நான்தான் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, குக்கர் வைத்து, மூன்றாவது விசில் வருவதற்குள் ஒரு ஆட்டம். எனக்குப் பிடித்தது டாங்கி ஆட்டம். சின்ன மஞ்சள் டாங்கி ஒன்று செங்கல் சுவர்களுக்கு நடுவே ஓடி, எதிரி டாங்கிகளைச் சுட வேண்டும். மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கே திசை. கையில் பிடித்து ஆடும் பொத்தான் பெட்டியை எங்கள் வீட்டில் ரிமோட் என்றுதான் சொல்வோம். அதன் இடப்பக்கத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான். அது இடது கட்டை விரலுக்கு. வலப்பக்கத்தில் சுடுகிற பொத்தான்கள். அவை வலது கட்டை விரலுக்கு.

அந்தச் சனிக்கிழமை என் கணவர் கடலூரிலிருந்து அதைப் பெரிய பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுவந்தார். பரணில் இத்தனை வருஷம் கிடந்ததில் வெள்ளை நிறம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. நிலையத்தின் கூடத்தில் இருந்த பழைய குண்டு டிவியில் வயரைச் செருகினோம். கேசட்டை வழக்கப்படி வாயால் ஊதிவிட்டுப் போட்டேன். திரை பளிச்சென்று வந்தது. கூடத்தில் இருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இடது கட்டை விரலைத் தூக்கிக் கூட்டல் குறியின் மேல் வைத்தேன். மேலே அழுத்தினேன். டாங்கி மேலே போனது. வலப்பக்கம் தள்ளினேன். போனது. கீழே போனது. இடப்பக்கம் அழுத்தினேன். போகவில்லை.

மறுபடியும் அழுத்தினேன். போகவில்லை. டாங்கி வலப்பக்க மூலைக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. எதிரி வந்து சுட்டுவிட்டுப் போனான்.

மூன்று நாள் இதே கதை. இடப்பக்கம் அழுத்த, கட்டை விரல் கொஞ்சம் உள்ளே மடங்கி வர வேண்டும். அதுதான் எனக்கு வராத அசைவு என்று நினைத்துக்கொண்டேன். "பரவால்ல மேடம், மூணு திசை வந்துடுச்சே" என்றாள் டாக்டர். எனக்கு அந்த நான்காவதுதான் வேண்டும். விரல் நுனி சிவந்து கொப்புளம் கட்டியது. மூன்றாம் நாள் ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிட்டு, முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

எனக்கு எதிர் நாற்காலியில் தினமும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கிள்ளையிலிருந்து மனைவியோடு பஸ்ஸில் வருவார். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். அவருக்கும் பக்கவாதம்தான், ஆனால் வலப்பக்கம். வலது கை மடியில் பேருக்குக் கிடக்கும். அதைவிடப் பெரிய அடி பேச்சில் விழுந்திருந்தது. எல்லாம் புரியும், ஆனால் சொல்ல நினைக்கும் வார்த்தை வராது, வந்தால் வேறு வார்த்தையாக வரும். தண்ணீர் கேட்கப் போய்ச் 'சட்டை' என்பார். சொன்ன பிறகு தவறு என்று அவருக்கே தெரியும். அதனாலேயே அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் எழுந்து வந்து, சோபாவில் கிடந்த ரிமோட்டை இடது கையால் எடுத்தார். தன் இடது கட்டை விரலால், அந்த நல்ல விரலால், இடப்பக்கம் அழுத்தினார். டாங்கி அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். அசையவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். ரிமோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது... இது" என்றார். பிறகு என் கட்டை விரலைக் காட்டித் தலையை ஆட்டினார். "இல்ல. இது... இல்ல."

எனக்குப் புரியச் சில விநாடி ஆனது. கோளாறு ரிமோட்டில். என் விரலில் இல்லை.

மூன்று நாளாக என் விரல் சரியாகத்தான் அழுத்திக்கொண்டிருந்தது! நான் சிரித்த சிரிப்பில், கூடத்தின் மறுமூலையில் ஒரு காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்த பெரியவர் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பாயின் மனைவி அவரைவிடச் சின்னவர், சுறுசுறுப்பானவர். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "டீச்சர், இவுங்க சவூதியில இருவது வருஷம் இந்த வேலதான் பாத்தாங்க. டிவி, ரேடியோ, டேப்பு, எல்லாம் பிரிச்சு மாட்டுவாங்க. ஊருக்கு வந்தும் பாத்தாங்க. இப்படி ஆனப்புறம் டூல்ஸ் பெட்டிய யாருக்காவது குடுத்துடுன்னு கையக் காட்டிட்டாங்க. நான் குடுக்கல. கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருக்கேன். இவுங்களுக்குத் தெரியாது."

அதற்குள் பாய், பையில் கிடந்த இரண்டாவது ரிமோட்டை எடுத்து டிவி கேம் பெட்டியில் செருகிச் சோதித்துக்கொண்டிருந்தார். அது முழுக்கவே செத்துக் கிடந்தது. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. பிறகு இரண்டு ரிமோட்டையும் இடம் மாற்றிச் செருகினார். முதல் ரிமோட் இரண்டாம் துளையிலும் இடப்பக்கம் மட்டும் போகாமல் நின்றது. செத்தது முதல் துளையிலும் செத்தே இருந்தது. பெட்டியை விரலால் தட்டி, "நல்லது" என்றார். அந்த வார்த்தை சரியாக வந்தது. பெட்டியில் பழுதில்லை, இரண்டு ரிமோட்டிலும் வெவ்வேறு பழுது என்பதுதான் அவர் கண்டுபிடிப்பு. நான் பிள்ளைகளுக்குச் சமன்பாடு சொல்லித்தரும்போது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பேன். அதை ஒருவர் வயரைப் பிடித்துச் செய்வதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை அவர் மனைவி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே சிரித்தார். "நேத்து சாயங்காலம் சாவி, சாவின்னு ஒரே சத்தம். வீட்ல இருக்குற சாவியெல்லாம் கொண்டாந்து காட்டுறேன், இல்ல இல்லங்கறாங்க. கடைசியில பேப்பர எடுத்து ஸ்குரூ டிரைவர் படம் போட்டாங்க. இடது கையாலதான். கட்டிலுக்கு அடியிலேருந்து இத இழுத்தேன். என்ன ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க!"

டாக்டர் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக்கொடுத்தாள். "இதுவும் எக்ஸர்சைஸ்தான், எனக்கு ஒரு அப்ஜெக்ஷனும் இல்ல" என்றாள். அங்கே நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். என்னிடம் ஒரு வலது கை. அவரிடம் ஒரு இடது கை. அவர் ரிமோட்டை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்குரூ டிரைவரைத் திருப்பினேன். கழன்ற திருகுகளை ஒவ்வொன்றாக ஒரு மூடியில் போடும்போது அவர், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு" என்று தடையில்லாமல் எண்ணினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வார்த்தைக்குத் தவிக்கிறவருக்கு எண்கள் எப்படி வரிசையாக வருகின்றன?

டாக்டர் விளக்கினாள். "மனப்பாடமா வரிசையா பழகினது தனியா ஒரு எடத்துல இருக்கும் மேடம். எண்ணுறது, கிழமை சொல்றது, தொழுகையில ஓதுறது, அதெல்லாம் நல்லா வரும். அதுலேருந்து ஒண்ண மட்டும் தனியா கேட்டாதான் சிக்கும்."

உள்ளே ஒரு சிறு பச்சைப் பலகை. அதன் மேல் ரப்பர் விரிப்பு. கூட்டல் குறிக்கு அடியில் இருந்த ரப்பரில் நான்கு கறுப்புப் பொட்டுகள். அழுத்தும்போது பொட்டு பலகையைத் தொட வேண்டும். தொட்டால் டாங்கி நகரும், அவ்வளவுதான் விஷயம். பலகையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தோம். மாட்டிப் பார்த்தோம். இடப்பக்கம் வரவில்லை. அப்போது பாய் ஒரு காரியம் செய்தார். அந்த நாலு பொட்டு ரப்பரை மட்டும் எடுத்து, இடம் வலமாக அரைச் சுற்று திருப்பி வைத்து மூடச் சைகை காட்டினார். இப்போது டாங்கி இடப்பக்கம் ஓடியது! ஆனால் வலப்பக்கம் போகவில்லை.

அவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். பரீட்சை வைக்கிறார்.

"பலகை நல்லாருக்கு. பொட்டுதான் தேஞ்சிருக்கு" என்றேன்.

தலையை ஆட்டினார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய மதிப்பெண்களில் அதை மேலே வைப்பேன்.

தேய்ந்த பொட்டின் மேல் பென்சில் கரியைத் தேய்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் கேட்கவில்லை. பையில் இருந்த பென்சிலால் தேய்த்து மூடினேன். வேலை செய்தது. பெருமையாகப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் மறுபடி நின்றுவிட்டது. அவர் ரிமோட்டில் யாரும் தொடாத ஒரு கூடுதல் பொத்தானின் அடியிலிருந்து கறுப்புப் பொட்டைப் பிளேடால் மெல்லியதாகச் சீவி எடுக்கச் சைகை காட்டினார். சீவினேன். சொட்டுப் பசையில் ஒட்டினேன். அதன் பிறகு அது நிற்கவே இல்லை.

அன்றைக்கு என் மஞ்சள் டாங்கி இடப்பக்கம் திரும்பியது. என் விரலால்தான். மெதுவாக, ஒரு யோசனை தாமதித்து, ஆனால் திரும்பியது. இரவு போனில் என் கணவரிடம் சொன்னபோது, "எந்தப் பக்கம்?" என்று இரண்டு முறை கேட்டார்.

இரண்டாவது ரிமோட்தான் எங்களைச் சோதித்தது. மீட்டரை வைத்து வயரைப் பரிசோதிக்க வேண்டும். மீட்டருக்கு இரண்டு முள். ஒன்றை வயரின் ஒரு முனையிலும் மற்றதை மறுமுனையிலும் வைத்தால், உள்ளே அறுபடாமல் இருந்தால் 'பீப்' என்று சத்தம் வரும். ஒருவருக்கு இரண்டு கை வேண்டிய வேலை. சிவப்பு முள்ளை நான் வைத்துக்கொண்டேன், கறுப்பு முள்ளை அவர். ஐந்து வயர்கள். நான்கு பீப் என்றன. ஐந்தாவது பேசவில்லை. ரிமோட்டின் கழுத்தருகே வயரை வளைத்தால் ஒரு கணம் பீப் வந்து போனது. என் மகள் அந்த வயரை ரிமோட்டில் இறுக்கிச் சுற்றி வைப்பாள். அங்கேதான் அறுந்திருக்க வேண்டும்.

கழுத்துப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச வயரை மறுபடி பலகையில் பற்றவைக்க வேண்டும். பாய் காலுக்குப் பயிற்சி செய்ய உள்ளே போன நேரத்தில் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. பலகையில் ஒட்டியிருந்த ஐந்து பழைய வயர்த் துண்டுகளையும் அவருடைய பற்றவைக்கும் கம்பியால் சூடுகாட்டிப் பிடுங்கி, சுத்தமாகத் துடைத்து வைத்தேன். திரும்பி வந்தவர் பலகையைப் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

எந்த நிறம் எந்த இடத்தில் இருந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளிடம் 'ஸ்டெப்பு எழுது' என்று கத்துகிறவள் நான்.

முதல் ரிமோட்டைப் பார்த்துக் காப்பியடிக்கலாமென்றால், அதன் வயர் எப்போதோ மாற்றியது. பலகை ஒரே மாதிரி, நிறங்கள் வேறு. பாய் பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு ஓர் இடத்தைக் காட்டி, "செவப்பு" என்றார். டாக்டர் ஈயக் கம்பியைப் பிடித்துக்கொள்ள, சிவப்பை அங்கே பற்றவைத்தேன். அடுத்த இடத்தைக் காட்டி, "பச்ச" என்றார். பச்சையை வைத்தேன். அவர் முகம் மாறியது. மேசையைத் தட்டினார். "பச்ச! பச்ச!" என்று கத்தினார். ஆனால் அவர் விரல் வெள்ளை வயரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பச்சையதான பாய் வெச்சிருக்கேன்?" என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது. அவர் தன் விரலையும் வெள்ளை வயரையும் பார்த்தார். வாய் திறந்து மூடியது. இப்போது எந்த நிறத்தைச் சொல்ல நினைத்தாலும் பச்சை என்றே வந்தது அவருக்கு. கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்குரூ டிரைவரைப் பெட்டியில் போட்டு மூடினார். எழுந்து வெளியே போய்ப் படியில் நின்றுகொண்டார். அவர் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வர்றோம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினார்.

அடுத்த நாள் அவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டாக்டர் போன் செய்தாள். "வரலேங்கறாங்க மேடம். பெட்டிய மறுபடி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்களாம், இந்தத் தடவ பாயே" என்றாள்.

இரண்டு நாள் என் விரலும் ஓடவில்லை. ஒருவரைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்திவிட்டேன் என்பது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் பதில் தெரிந்தும் சொல்ல வராமல் நிற்கும் பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும். நான் அதே கேள்வியைச் சத்தமாகத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த ஆறு திருகுகளும் ஞாபகம் வந்தன. அவருக்கு நிறத்தின் பெயர் வராது. எண்ணிக்கை வரும்.

ஞாயிறு காலை என் கணவரிடம், "கிள்ளைக்குப் போவோம்" என்றேன். தம்பி தன் வண்டியைக் கொடுத்தான். "மாமா, பாத்துப் போங்க, அக்காவால ஒரு கையாலதான் புடிச்சிக்க முடியும்" என்று நூறு தடவை சொன்னான். பிச்சாவரம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் வயல் முடிந்து, உப்பங்கழிக் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் கிள்ளை வந்துவிட்டது. மடியில் டிவி கேம் பை.

பாயின் மனைவிதான் கதவைத் திறந்தார். பாய் உள்ளே நாற்காலியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வ அலைக்கும் ஸலாம்" என்றார். நான் சலாம் சொல்லவே இல்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

"பாய், அன்னிக்குத் தப்பு என்னுது. குறிச்சி வெக்காம புடுங்கினது நானு. கேள்வியும் தப்பா கேட்டுட்டேன். இன்னிக்கு நிறமே வேணாம். நம்பர் போட்டுக்கலாம்" என்றேன். பையிலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை எழுதிய சிறு சிறு காகிதத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினேன்.

அவர் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வரிசையாக அடுக்கினார். பிறகு மனைவியைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார்.

நல்ல ரிமோட்டையும் திறந்தோம். அதன் வயர் நுனியில் இருக்கும் செருகியின் முதல் துளையில் நான் மீட்டர் முள்ளை வைத்தேன். அவர் பலகையில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று எண்ணிக்கொண்டே போனார். பீப் என்றதும் நிறுத்தினார். மூணு. நாலு என்று மட்டும் தனியாகச் சொல்ல அவரால் முடியாது. ஒன்றிலிருந்து ஏறி வந்து நாலில் நிற்க முடியும். எங்களுக்கு அது போதும். நான் எழுதினேன். ஐந்து துளைக்கும் ஐந்து இடம். அப்புறம் செத்த ரிமோட்டின் வயரை எடுத்து, எந்தத் துளை எந்த வயருக்குப் போகிறது என்று அதேபோல எண்ணி, ஒவ்வொரு வயரிலும் காகிதத் துண்டை ஒட்டினேன். இப்போது எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. நிறத்தின் பெயரை யாரும் உச்சரிக்கவே இல்லை.

அன்று வைத்த சிவப்பு, பச்சை இரண்டையும் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். அவர் இடுக்கியால் வயரைப் பிடித்தார். நான் சூடான கம்பியை வைத்தேன். அவர் மனைவி ஈயத்தை நீட்டினார். ஒரு சின்னப் புகை, ஒரு வெள்ளிச் சொட்டு. "ஒண்ணு" என்றார் பாய். மூன்றாவது வயரில் ஈயம் ஒட்டாமல் வழுக்கியது, மறுபடி வைத்தேன். அவர் இடுக்கியை விடாமலே காத்திருந்தார். ஐந்தும் முடிய ஒரு மணி நேரம் ஆனது. என் கணவர் மூன்று டம்ளர் இஞ்சி டீ குடித்து முடித்திருந்தார்.

அவர்கள் வீட்டு டிவியில் செருகினோம். பாய் ஒருமுறை, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டார். திரையில் இரண்டு டாங்கிகள் வந்தன, என்னுடைய மஞ்சளும் இரண்டாம் ஆளுடைய பச்சையும். என் கணவர் இரண்டாவது ரிமோட்டை எடுத்து எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். பச்சை டாங்கி மேலும் கீழும் இடமும் வலமும் ஓடி, கண்ட பக்கமெல்லாம் சுட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கைதட்டினார் பாயின் மனைவி. பிறகு தயங்கி, "அண்ணே, நானும் ஒரு தடவ?" என்றார். என் கணவர் ரிமோட்டைக் கொடுத்தார்.

நான் மஞ்சள், அவர் பச்சை. அதுவரை டிவி கேமைத் தொட்டதே இல்லை என்று சொன்ன அந்த அம்மா, இரண்டாவது ஆட்டத்திலேயே என்னைக் காப்பாற்ற என் பக்கம் ஓடிவந்து நிற்க ஆரம்பித்தார். மூன்றாவது ஆட்டத்தில் நான் சுட வேண்டியதையும் அவரே சுட்டார். பாய் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்ததும் மனைவியின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டு, இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, அதன் கட்டை விரலைச் சுடும் பொத்தானின் மேல் வைத்தார். அழுத்த முடியவில்லை. எடுக்கவும் இல்லை. "நாளைக்கி வரணும், என்னங்க?" என்றார் அவர் மனைவி. பாய் தலையாட்டினார்.

திங்கட்கிழமை முதல் நானும் பாயும் சேர்ந்தே பயிற்சி செய்தோம். திசை எனக்கு, சுடுவது அவருக்கு. ஒரே ரிமோட்டை மேசையில் வைத்து, என் இடது கட்டை விரலும் அவர் வலது கட்டை விரலும். ஆட்டம் கேவலமாக இருக்கும். நான் திரும்புவதற்குள் அவர் சுட்டுவிடுவார், அவர் சுடுவதற்குள் நான் தாண்டிவிடுவேன். பட்டாணிக் கிண்ணத்தை டாக்டர் எங்கள் பக்கம் கொண்டுவரவே இல்லை. ஆறு வாரம் கழித்து அவளே அதைக் கொண்டுவந்து வைத்தபோது, இருபதில் பதினேழு எடுத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது நானும் கடலூருக்குத் திரும்பினேன். விடைத்தாள் கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு திருத்த முடிகிறது. கட்டை விரல் சீக்கிரம் களைத்துவிடும். அப்போது மேசையில் வைத்துவிடுவேன். டிவி கேமைச் சிதம்பரத்திலேயே விட்டுவிட்டேன். அங்கே இப்போது அதற்கு வரிசையாம்.

போன மாதம் செக்கப்புக்குப் போனபோது நானும் கணவரும் கிள்ளைக்கும் போய்வந்தோம். பாயின் வீட்டு வாசல் அறையில் ஒரு மேசை. அதன் மேல் பக்கத்து வீட்டு மிக்ஸி, வயிறு திறந்தபடி. அவர் இடது கையில் இடுக்கி. எதிரே மனைவி வலது கையில் ஸ்குரூ டிரைவரோடு, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்க, குனிந்திருந்தார். நான் உள்ளே நுழைந்து, "எப்டி இருக்கீங்க பாய்?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்சம் உக்காருங்க டீச்சர்" என்றார். "வேல இருக்கு."

நான் உட்கார்ந்தேன்.